வெயிலுக்கு நெருக்கமான விளக்கு

திரையின் ஓரத்தில் இரண்டு கட்டங்கள் கறுத்திருந்தன. வெளிச்சம் பேனல் முழுக்கச் சமமாக விழுகிறதா என்று பார்க்கும் திரை அது; ஒளி பட்ட இடம் வெள்ளை, படாத இடம் கறுப்பு. சோதனைக்காரன் பேனலைத் துடைத்தான், விளக்கைத் துடைத்தான், எரிச்சலில் தன் மூக்குக்கண்ணாடியையும் துடைத்தான். கறுப்பு போகவில்லை.

மாலைக்குள் ஒரு விளக்கை முடிவு செய்தாக வேண்டும். வெயிலைப் போலவே ஒளி தரும் விளக்கு இல்லாமல் சோலார் பேனலைச் சோதிக்க முடியாது. இன்றும் இழுத்தடித்தால் நாளை முதல் வீட்டிலேயே இருக்கலாம் என்று மேலாளர் காலையில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். போதாக்குறைக்கு, மாதிரி விளக்குகளைக் கொண்டுவந்து இறக்கிய வியாபாரி, அவன் மனைவியின் தம்பி.

அவனுக்கே போன் போட்டான்.

“மாப்ள, உன் ஹாலஜன்ல ஓரமா நிழல் விழுது.”

“குறுக்க நீங்க நிக்கிறீங்களோ என்னவோ மச்சான். வயித்தக் கொஞ்சம் உள்ள இழுத்துப் பாருங்க.”

“நான் விளக்குக்குப் பின்னால உக்காந்திருக்கேன்டா.”

“ஹாலஜன்ல சிவப்பு ஜாஸ்தி. செனான் போடுங்க, வெயிலோட கூடப்பொறந்த மாதிரி இருக்கும். அதுக்கும் குறை சொன்னா அக்காகிட்டதான் பேசணும்.”

செனானைப் பொருத்தினான். ஒளி தெறிக்காதிருக்கச் சுவரெல்லாம் கறுப்படித்த, ஜன்னலே இல்லாத அந்த அறையில், விளக்கைக் குளிர்விக்கும் விசிறியின் இரைச்சலும் சூடேறிய தூசியின் கருகல் வாடையும் சேர்ந்து நெற்றிப்பொட்டில் இடித்துக்கொண்டிருக்க, திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து ஒரு தோளாகவும், அதன்மேல் சாய்ந்த கழுத்தாகவும் திரண்டன. எழுந்து போய் விளக்குக்கும் பேனலுக்கும் நடுவே கையை நீட்டித் துழாவினான். எதுவும் தட்டுப்படவில்லை. அவன் கையின் நிழலும் திரையில் அந்தத் தோளருகே விழுந்தது.

தோள் அந்தக் கையின் பக்கம் திரும்பியது.

கதவு திறந்து மேலாளர் தலையை நீட்டினார். “என்னய்யா, இதுக்கும் ஒரு நொட்டை சொல்லப்போறீங்களா?”

“நடுவுல யாரோ நிக்கிற மாதிரி தெரியுது சார்.”

“உங்களுக்குச் சம்பளம் குடுக்கவே யோசிக்கிறேன், அவருக்கு வேற குடுக்கவா? எல்இடிய போட்டுப் பார்த்து முடிச்சுடுங்க.” கதவு மூடிக்கொண்டது.

எல்இடியில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைத்து வெயிலோடு பொருத்தலாம். நீலத்தை ஏற்றினான், தலை தெளிந்தது. பச்சையை ஏற்றினான், விரல்கள் பிரிந்தன, முழங்கால் வரை தொங்கும் விரல்கள். அப்போதுதான் புரிந்தது. எந்த விளக்கிலும் குறையில்லை. ஒளி வெயிலை நெருங்க நெருங்க, அது தெரிகிறது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து ஆளாளுக்கு அவனை உருட்டி விளையாடிய ஆத்திரம் விரலில் ஏறியிருந்தது. கடைசிச் சிவப்பையும் ஏற்றினான்.

பொருத்தம் சரி என்றது திரை.

நிழல் பெரிதாகத் தொடங்கியது.

விளக்கை நெருங்கும் பொருளின் நிழல்தான் பெரிதாகும். அவன் அமர்ந்திருந்தது விளக்குக்குப் பின்னால்.

பாதித் திரை. முக்கால். முழுக் கறுப்பு.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஓடினான். நடைவழி. படிகள். வாசல். கண்ணைக் குத்தும் வெயில், திறந்த முற்றம், மனிதக் குரல்கள். மூச்சு வந்தது. வண்டியிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்த மைத்துனன் நிமிர்ந்து பார்த்தான்.

“என்ன மச்சான், எந்த விளக்கு முடிவாச்சு?”

பதில் சொல்ல வாயெடுத்தான். மைத்துனன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். கையிலிருந்த பெட்டி நழுவி விழுந்தது.

“மச்சான், உங்க பின்னால…”

பின்னால் யாருமில்லை. கழுத்தில் ஒரு பாரமும் இல்லை.

சிமெண்ட் தரையில், பிற்பகல் வெயிலில், அவன் நிழலின் முதுகில் இன்னொரு நிழல் ஏறி உட்கார்ந்திருந்தது. நீண்ட விரல்கள் கழுத்தைச் சுற்றி ஒவ்வொன்றாக மடங்கின. அவன் அசையாமல் நின்றான்.

அவன் நிழல் மட்டும் கைகால்களை உதறிக்கொண்டிருந்தது.