அம்மாவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி

போடிநாயக்கனூருக்கு ரயில் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்த சமயம் அது. ரயிலடிக்குப் பின்னால் இருந்த ஏலக்காய்க் கிடங்கு ஒன்றில் பஞ்சம்மாள் வேலை பார்த்தாள். மலையிலிருந்து மூட்டை மூட்டையாக ஏலக்காய் வரும். அதைத் தட்டில் பரப்பி, பருத்த பச்சைக் காயை ஒரு பக்கமும், வெடித்ததையும் வெளுத்ததையும் இன்னொரு பக்கமும் பிரித்துப் போட வேண்டும். அதுதான் வேலை.

அவள் வீடு திரும்பும்போது, அவளுக்கு முன்னால் ஏலக்காய் வாசனை வந்துவிடும். அவள் மகள் ராமுத்தாய்க்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்கும்.

அன்றும் வாசனை வந்தது. அம்மாவும் வந்தாள். பேச்சு மட்டும் வரவில்லை.

"என்னத்தா? மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டாள் ராமுத்தாய். அவள் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மேலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கண்ணுதான்..." என்று அம்மா நிறுத்தினாள். "தூரத்துல மலை மேல போற மாடு தெரியுது. மடியில கெடக்குற ஏலக்கா தெரியல. இன்னைக்கு நான் பிரிச்சதுல வெடிச்ச காயா கலந்து போச்சாம். மேஸ்திரி கூப்பிட்டுச் சொன்னாக. தீவாளி வரைக்கும் பாப்பாகளாம். அதுக்கப்பறமும் இப்படியே இருந்தா வேற ஆளைப் போட்டுருவாகளாம்."

அம்மாவின் வேலை போய்விட்டால் என்ன ஆகும் என்று ராமுத்தாய்க்குத் தெரியும். அப்பா கர்ணன் ரயிலடியில் மூட்டை தூக்குகிறார். அவர் சம்பாத்தியத்தில் அரிசி வாங்கலாம். குழம்பு வைப்பது கஷ்டம்.

"கண்ணாடி போட்டா தெரியுமாம்" என்றாள் அம்மா. "மாசம் ஒரு தடவை மருதையிலேருந்து ஒரு கண்ணாடிக்காரர் ரயில்ல வாராராம். மூணரை ரூவாயாம். நமக்கு எங்கன இருந்து வரும் அம்புட்டு ரூவா?"

ஐந்து வயதுத் தம்பி சுருளியாண்டி உடனே சொன்னான்: "நான் சோப்புப் போட்டுக் குளிக்க மாட்டேன். அந்தக் காசை வச்சுக்க, ஆத்தா."

"ஏலே, நீ என்னைக்குக் குளிச்ச, சோப்பு கரையுறதுக்கு?" என்றாள் ராமுத்தாய். அம்மா அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள்.

மூன்றரை ரூபாய்! ராமுத்தாய் அதைப் பற்றியே நினைத்துக்கொண்டு மண்ணெண்ணெய்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். தினமும் சாயங்காலம் காலணாவுக்கு மண்ணெண்ணெய் வாங்கி வருவது அவள் வேலை. மிளகாய், புளி, சீரகம் எல்லாமே அப்படித்தான். அன்றன்றைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவார்கள்.

கடை ஞானசிகாமணி நாடாருடையது. அவர் மகள் சுகிர்தம், ராமுத்தாயின் வகுப்புத் தோழி. அன்று ஞானசிகாமணி சாப்பிடப் போயிருந்ததால் சுகிர்தம்தான் கடையில் இருந்தாள். ஒரு சின்னத் தகரக் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் மொண்டு, புனல் வைத்துக் குப்பியில் ஊற்றினாள்.

"சுகிர்தம், முழுக் குப்பி என்ன விலை?"

"ரெண்டணா."

"ஒரு குப்பிக்கு எத்தனை கிண்ணம் பிடிக்கும்?"

சுகிர்தத்துக்குத் தெரியவில்லை. இருவருக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. ஒரு காலிக் குப்பியை எடுத்தார்கள். குடத்துத் தண்ணீரை அதே கிண்ணத்தால் மொண்டு ஊற்றினார்கள். எட்டு, ஒன்பது, பத்து... பன்னிரண்டாவது கிண்ணத்தில்தான் குப்பி நிறைந்தது.

"பன்னெண்டு காலணா. அப்ப மூணு அணா!" என்றாள் ராமுத்தாய். "முழுக் குப்பியா வாங்குனா ரெண்டணா. நாங்க ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு அணா கூடக் குடுக்குறோம்!"

"யாரு அது, எண்ணெய்க் கிண்ணத்துல தண்ணியை ஊத்துறது?"

வாசலில் ஞானசிகாமணி நின்றுகொண்டிருந்தார். சுகிர்தம் கிண்ணத்தைப் பின்னால் மறைத்தாள். அது பாவாடை மேலெல்லாம் சொட்டியது.

ராமுத்தாய் பயந்துகொண்டே நடந்ததைச் சொன்னாள். அம்மாவின் கண்ணைப் பற்றியும் சொன்னாள். அவர் முதலில் முகத்தைக் கடுமையாக வைத்திருந்தார். பிறகு மீசையைத் தடவினார்.

"காலணாக் காலணாவா ஊத்தும்போது சிந்துறது, ஒட்டுறதெல்லாம் என் நட்டம். ஒவ்வொருத்தருக்கும் நின்னு ஊத்தணும். அதுக்குத்தான் அந்த வெலை" என்றார். "முழுசா எடுத்தா எனக்கும் வேலை மிச்சம். நீ முழுக் குப்பியே எடுத்துக்க, தாயி. மொளகா, புளியும் வாரத்துக்கு ஒருக்கா நிறுத்து வாங்கு. வெலை கொறையும்."

ராமுத்தாய் சந்தோஷமாக வீட்டுக்கு ஓடினாள். ஆனால் அம்மா கேட்ட கேள்வியில் சந்தோஷம் பாதியாகிவிட்டது.

"அது எனக்கும் தெரியும்த்தா. முழுசா வாங்க மொதல்ல கையில காசு வேணுமே? அன்னன்னைக்கு வாரது அன்னன்னைக்குச் சரியா இருக்கு."

ராமுத்தாய்க்குத் தன் சேமிப்பு ஞாபகம் வந்தது. வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம் சுற்றுவதற்காக அவள் ஆறணா சேர்த்து வைத்திருந்தாள். திருவிழாவுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. எட்டு மாதத்தில் இன்னொரு ஆறணா சேராதா என்ன?

காசை எடுத்து வந்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். "இது மொதல் தடவைக்கு. அடுத்த தடவைக்கு மிச்சமாகுறதுல வாங்கிக்கலாம்."

அம்மா அந்தக் காசை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். மகளின் தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழிந்தது. தகர டப்பா ஒன்றில் மிச்சக் காசு விழ ஆரம்பித்தது. ஆனால் அது விழுந்த வேகத்தைப் பார்த்தால், மூன்றரை ரூபாய் சேர அடுத்த தீபாவளி வந்துவிடும் போலிருந்தது.

இன்னும் எங்கே மிச்சம் பிடிக்கலாம்? ராமுத்தாய் யோசித்தாள். அப்பா காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று காப்பி கிளப்பில் காப்பி குடிப்பார். ஒரு காப்பி அரையணா.

"அப்பா, சாயங்காலக் காப்பியை நம்ம வீட்டுல குடிச்சா என்ன?"

அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. "பகல் பூரா மூட்டை தூக்குறேன்த்தா. சாயங்காலம் அங்கன போயி அரை மணி நேரம் உக்காந்தாத்தான் எனக்கு உசுரு வருது."

மறுநாள் ராமுத்தாய் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கிளப் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். அப்பாவின் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. எதிரே ஒருவர் பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். அப்பாவும் அவருடைய சிநேகிதர் குருசாமியும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது.

அப்பா காப்பிக்காகப் போகவில்லை, சேதி கேட்கப் போகிறார் என்று ராமுத்தாய்க்குப் புரிந்தது.

நேரே ஞானசிகாமணி கடைக்குப் போனாள். அங்கே பொட்டலம் கட்டப் பழைய பத்திரிகைகள் அடுக்கியிருந்தன.

"மாமா, தெனமும் முந்தின நாள் பேப்பரைக் குடுப்பீகளா? படிச்சுட்டுக் கிழியாமக் கொண்டாந்து குடுத்துருவேன். பெறகு பொட்டலம் கட்டுங்க."

"இதுவும் அளவு பாக்கத்தானா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அப்பா துண்டை உதறித் தோளில் போடும்போது, "அப்பா, இதைக் கேளுங்க" என்று ராமுத்தாய் படிக்க ஆரம்பித்தாள். ஒரு ஊரில் வெள்ளம், ஒரு ஊரில் ஆகாய விமானம் இறங்கியது, பஞ்சு விலை ஏறியது. அப்பா ஒரு காலை வாசலில் வைத்தபடியே கேட்டார். பிறகு உட்கார்ந்து கேட்டார். அம்மா கருப்பட்டிக் காப்பி கொண்டு வந்து வைத்தாள். குடித்துவிட்டு, "இன்னும் படி, தாயி" என்றார்.

நான்காம் நாள் குருசாமி அப்பாவைத் தேடி வந்தார். "என்ன கர்ணா, சாயங்காலம் கிளப்புப் பக்கமே காணோம்?" என்று கேட்டவர், தாமும் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் காப்பி கொடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் அவர் இன்னும் இருவரைக் கூட்டி வந்தார்.

அம்மா அடுப்படியிலிருந்து மெல்லக் கூப்பிட்டாள். "ஏ ராமு, நீ காப்பியை மிச்சம் பண்ணப் போயி, நம்ம வீடே கிளப்பு ஆகிருச்சேடி!"

ராமுத்தாய்க்கும் அதே கவலைதான். வந்தவர்களைப் போகச் சொல்ல முடியுமா? அது மரியாதை இல்லை. அடுத்த நாள் பத்திரிகையை விரித்தவள், படிக்காமல் தொண்டையைச் செருமினாள்.

"குருசாமி மாமா, எங்க ஆத்தாவுக்குக் கண்ணாடி வாங்கக் காசு சேக்குறோம். அதனால கருப்பட்டி தட்டுப்பாடா இருக்கு. நீங்க ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி கொண்டாந்தா, நான் ஆளுக்கு ஒரு பக்கம் கூடப் படிக்கிறேன்."

அப்பா சங்கடப்பட்டுத் தரையைப் பார்த்தார். குருசாமியோ விழுந்து விழுந்து சிரித்தார். "கிளப்புக்காரன் அரையணா வாங்குறான். இந்தப் புள்ள கருப்பட்டிதானே கேக்குது!" மறுநாள் அவர் ஒரு முழுக் கருப்பட்டியே கொண்டு வந்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு துண்டு கொண்டு வந்தார்கள்.

புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது கண்ணாடிக்காரர் வந்துவிட்டார் என்று ரயிலடியிலிருந்து சேதி வந்தது. மறுநாள் காலை ரயிலில் அவர் திரும்பிப் போய்விடுவாராம்.

டப்பாவைக் கவிழ்த்தார்கள். சரியாக மூன்று ரூபாய் இருந்தது. எட்டணா குறைந்தது.

அம்மா காசைத் திரும்ப டப்பாவில் அள்ளிப் போட்டாள். "பரவாயில்லை. அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றாள். அடுத்த மாதம் வரை மேஸ்திரி பொறுக்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்பா எழுந்தார். வேட்டி மடிப்பில் முடிந்து வைத்திருந்த சின்னத் துணிப்பொட்டலத்தை அவிழ்த்தார். அதற்குள் பதினாறு அரையணாக்கள் இருந்தன; சரியாக எட்டணா.

"காலைக் காப்பியையும் விட்டுட்டேன். பதினாறு நாளாச்சு" என்றார். "கஞ்சித் தண்ணி குடிச்சுட்டுத்தான் வேலைக்குப் போறேன். சொன்னா உங்க ஆத்தா மனசு சங்கடப்படுவான்னு சொல்லல."

அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "தலை வலிக்கலையா?" என்று மட்டும் கேட்டாள்.

"மொத ரெண்டு நாளு வலிச்சுச்சு. பெறகு அதுக்கே சலிச்சுப் போச்சு" என்றார் அப்பா.

நாலு பேரும் ரயிலடிக்குப் போனார்கள். கண்ணாடிக்காரர் மரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். ஒவ்வொரு கண்ணாடியாக அம்மாவுக்கு மாட்டி, கையில் ஊசியையும் நூலையும் கொடுத்தார். முதல் கண்ணாடியில் நூல் ஊசிக்குப் பக்கத்தில் போயிற்று. இரண்டாவதில் ஊசி அம்மாவின் விரலைக் குத்தியது. மூன்றாவதில், ஒரே தடவையில் நூல் ஊசிக் காதுக்குள் நுழைந்துவிட்டது.

"நுழைஞ்சுருச்சு!" என்று சுருளி கத்திய கத்தலில், ரயிலடியில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் கிடங்கில் மேஸ்திரி கோட்டைச்சாமி, அம்மா பிரித்த தட்டை இரண்டு தடவை கிளறிப் பார்த்தார். ஒரு வெடித்த காய்கூட இல்லை. பிறகு தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: "பஞ்சம்மா, நாளையிலேருந்து முதல் தர மூட்டையை நீயே பாரு."

சேதியைச் சொல்ல அம்மா வேகமாக வீட்டுக்கு வந்தாள். முதலில் அப்பாவைப் பார்த்துத் திகைத்து நின்றாள். "ஏங்க, உங்களுக்கு இம்புட்டு நரையா!" அப்பா அவசர அவசரமாகத் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்.

பிறகு அம்மா அடுப்படிக்குப் போனாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கவிழ்த்து வைத்திருந்த சட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏ ராமு! இந்தச் சட்டியைக் கழுவுனது யாரு? அடியெல்லாம் இம்புட்டுக் கரி இருக்கு!"

மூன்றரை ரூபாய் கொஞ்சமும் வீண்போகவில்லை என்று ராமுத்தாய்க்குத் தெரிந்துபோயிற்று. சிரிப்பை அடக்கிக்கொண்டு, சட்டியையும் ஒரு கை சாம்பலையும் எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினாள்.