செல்லதுரையின் மூன்று பதில்கள்

யாரோ முணுமுணுத்தார்கள்...

சலோமியின் பேனா நின்றது. பூதலூர் சர்ச்சில் அந்த மத்தியானம் அவளைத் தவிர யாரும் இல்லை. வெளியே மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

பாடகர் குழுவின் செயலாளர் அவள்தான். வெளிநாட்டில் இருக்கும் பழைய பாடகர்களுக்கெல்லாம் வருஷாவருஷம் கிறிஸ்துமஸ் அழைப்பு எழுதுவாள். இன்று எழுதிக்கொண்டிருந்ததோ தஞ்சாவூர் சபைக்கு ஒரு வேண்டுகோள். 'இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்த எங்கள் டெனர் பாடகர் செல்லதுரை மரணமடைந்துவிட்டதால், ஒருவரை அனுப்பி உதவுமாறு...' மரணமடைந்து என்ற இடத்தில் மை கலைந்திருந்தது. அழுதால் கலையாதா பின்னே?

மஸ்கட்டில் கட்டட வேலையில் சாரம் சரிந்து செல்லதுரை இறந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். ஊர் திரும்பிய ஒருவர் காலையில்தான் போதகரிடம் சொன்னார். மிஷன் விடுதியில் வளர்ந்தவர், சொந்தம் என்று ஒருவரும் இல்லை. அதனால் தகவலே வரவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் அவரிடமிருந்து சலோமிக்கு மூன்று பதில்கள் வந்திருக்கின்றன...

அவள் அவரைப் பார்த்ததுகூட இல்லை. அவர் மஸ்கட் போன பிறகுதான் குழுவில் சேர்ந்தாள். கடிதத்தைப் படித்தே மனசைக் கொடுத்துவிட்ட பைத்தியம் அவள். அப்பா ஜெக்கரியா கொண்டுவந்த திருச்சி வரனை அதற்காகவே தள்ளிப்போட்டாள். ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்லியாக வேண்டும்.

முணுமுணுப்பு மறுபடி கேட்டது. டெனர்... மெட்டுக்கு அடியில் ஓடும் அந்த ஆண்குரல் வரிசை மட்டும். இந்த ஊரில் இப்போது அதைப் பாட ஆளே கிடையாது. அவள் சட்டென்று திரும்பினாள்.

"யாருங்க அது?"

கடைசி பெஞ்சிலிருந்து நனைந்த சட்டையோடு ஒருவன் எழுந்து வந்தான். தூங்கிப் பல நாளான கண்கள்... அந்தப் பயத்திலும் அவை அழகாயிருந்ததை அவள் கவனித்தாள், பாருங்கள்.

"சலோமிங்கிறது நீங்கதானே? பயப்படாதீங்க. என் பேரு இனியவன். மாயவரம் பக்கம். மஸ்கட்ல செல்லதுரையோட ஒரே ரூம்ல இருந்தேன்."

"அந்தப் பாட்டு..."

"வேலை முடிஞ்சு வந்தா தினமும் பாடுவாருங்க. கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். நல்ல பாட்டுதான்... ஆனா ஒரே இடத்துலயே நின்னுட்டிருக்கு."

"அது பாட்டே இல்லைங்க. பாட்டுல பாதி."

அவள் மெட்டை மெல்லப் பாடிக் காட்டினாள். அவன் தன்னையறியாமல் சேர்ந்துகொண்டான். இரண்டும் கலந்தபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! இத்தனை நாள் பாதியை முழுசு என்று நம்பியிருக்கிறான் மனிதன். சலோமிக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

"ஒண்ணு சொல்லணுங்க. அவர் போன பதினஞ்சாம் நாள் உங்க லெட்டர் வந்துச்சு. அவருக்குன்னு வந்த ஒரே லெட்டர். செத்துட்டாருன்னு எழுதக் கை வரல... லீவு கிடைக்கலன்னு அவர் பேர்ல நானே பதில் போட்டுட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

"செத்தவர் பேர்ல எழுதி ஏமாத்தியிருக்கீங்க."

"ஏமாத்தணும்னு இல்லைங்க. உங்க அடுத்த லெட்டருக்காக வருஷம் பூரா காத்திருந்தேன்."

"போயிடுங்க."

தலையைக் குனிந்தபடி பையை எடுத்துக்கொண்டான். "போறேங்க. நேர்ல சொல்லிடணும்னுதான் இந்த வருஷம் பதிலே எழுதாம வந்தேன்."

"நில்லுங்க... இந்த வருஷமும் பதில் வந்துச்சே."

"நான் ரெண்டுதாங்க எழுதினேன்."

மூன்றையும் பெஞ்சில் பரப்பினாள். முதல் இரண்டும் உருண்டை எழுத்து. மூன்றாவது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவசரத்தில் எழுதியிருப்பார் என்று நினைத்திருந்தாள். மஸ்கட் முத்திரை, போன மாதம், நவம்பர் 1996. 'இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வருகிறேன். என்னோடு ஒருவரை அழைத்து வருகிறேன்.'

இனியவன் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இது... அவர் கையெழுத்துங்க."

சலோமியின் பார்வை தரைக்குப் போனது. வாசலிலிருந்து ஈரக் காலடிகள்... இரண்டு ஜோடி. ஒன்று இனியவன் வந்த வழி. மற்றொன்று நேரே டெனர் பாடகர்கள் நிற்கும் வரிசைக்குப் போய், அங்கே நின்றுவிட்டிருந்தது. திரும்பிய தடமே இல்லை.

"நீங்க தனியாத்தானே வந்தீங்க?"

"தனியாத்தாங்க..." சொல்லிக்கொண்டே அவனும் பார்த்துவிட்டான். முகம் வெளுத்தது. "வாங்க, வெளியில போயிடலாம்."

அவள் நகரவில்லை. பயம் இருந்தது. ஆனாலும் அவனுடைய ஈரச் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னபடியே வந்துட்டாரு... உங்களையும் கூட்டிட்டு."

"சலோமி..."

"செத்தவரைப் போய் விரும்பிட்டோமேன்னு காலையிலேர்ந்து அழுதுட்டிருந்தேன். நான் விரும்பினது இந்த உருண்டை எழுத்தைத்தான்." முதல் இரண்டு கடிதங்களையும் தொட்டாள். "ஞாயித்துக்கிழமை எங்கப்பாகிட்ட உங்க பேரைத்தான் சொல்லப்போறேன். இருப்பீங்களா?"