சிவப்பு பூசிய ஐந்தடி

வெளியே அளந்தால் அறுபத்திரண்டு அடி. உள்ளே, இரண்டு பக்கச் சுவர்களையும் சேர்த்தால்கூட ஐம்பத்தேழுதான். டிராஃப்ட்ஸ்மன் நடராஜன் நாடாவை ஆணியில் மாட்டி மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டார். ஐந்தடி எங்கேதான் தொலைந்ததோ, சனியன்!

நகரத்தின் ஓரத்தில், பெஹாலாவில், அது எவனோ ஒரு வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன பண்ணைக் கொட்டகை. மலையிலிருந்து ஆப்பிள் தருவித்து, பிழிந்து புளிக்கவைத்து, சைடர் என்று குடித்திருக்கிறான். பழத்தைப் பழமாகத் தின்னத் தெரியாத ஜென்மம். மேலே பழம் கொட்டிவைக்கப் பலகைப் பரண், கீழே மாடு சுற்றி வந்து கல்லுருட்டிய வட்டத் தொட்டி, அதை ஒட்டிப் பிழிகிற மரத்திருகு, வெயில் நுழையாத இரண்டடிச் சுவர்கள். நூறு வருஷத்துப் புளிப்பு வாடை செங்கல்லிலிருந்து இன்னும் கசிந்து தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

இதை மூன்று குவார்ட்டர்ஸாகப் பிரிக்க ஆபீஸில் ப்ளான் கேட்டிருந்தார்கள். ஒன்று நடராஜனுக்கு. நகரத்துக்குள்ளே கரியாஹாட்டில் அடுத்தவர் சமையலறையில் அவரும் மனைவி நாகலட்சுமியும் படுத்து ஒன்றரை வருஷம். குழந்தை செத்ததும் அங்கேதான். அன்றிலிருந்து அவருக்கு எதுவும் உறைப்பதில்லை. அவளுக்காவது ஒரு வீடு வேண்டும்.

அளவு இடித்தால் ஃபைல் திரும்பி வரும். இன்னொரு வருஷம் போய்விடும். தொலைந்த ஐந்தடியையும் சேர்த்து மேற்குச் சுவரை ஏழடிக் கனமாக வரைந்தார். படத்தில் செங்கல் என்றால் சிவப்பு பூசுவது வழக்கம். பூசினார். ஊதிக் காயவைத்தார்.

"ஏங்க..."

வீடு பார்க்க வந்து பரணில் ஏறியிருந்த நாகலட்சுமியின் குரல். மேற்குச் சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது.

"பரண்ல ஒரு கதவு, படி எறங்குது. சின்ன ரூமுங்க. இங்க அடுப்பு வச்சுக்கலாம்."

பரணுக்கு ஏறினார். கதவு இல்லை. செங்கல். அதன்மேல் பழைய ஒட்டடை.

"நாகு, வந்த வழியாவே வா."

"வழியக் காணோம். சொவரு கிட்ட வருதுங்க!"

மரத்துக் கிடந்த நெஞ்சு அப்போதுதான் பதறியது. ஐயோ, என்ன காரியம் செய்தேன்! இறங்கி ஓடினார். படத்தைச் சுவரில் அழுத்தி, பிளேடால் சிவப்பைச் சுரண்டினார். ஒரு செங்கல் உதிர்ந்தது. துவாரத்தில் வளையல் கை வந்தது. பற்றிக்கொண்டார். சூடாக இருந்தது.

"சீக்கிரம். மூச்சு முட்டுது."

சுரண்டினார். இன்னும். இன்னும்.

தாள் கிழிந்தது.

குரல் நின்றது. முழங்கையைச் சுற்றிச் செங்கல், நூல் நுழைய இடமில்லாமல். வெளியே நீட்டிய கை மட்டும் அவர் விரல்களை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது.