மோட்டார் அடங்கிய நேரம்

சஃபியாவின் நிரலிலிருந்து பாதி வேகத்தை யாரோ களவாடிவிட்டார்கள். நேற்றுவரை இருபது நொடியில் கோப்பைப் பிரித்துப் படித்தது, எதை வைத்துக்கொள்வது என்று பார்க்க இன்று காலை நடந்த போட்டியில் நாற்பது இழுத்தது. குத்தாலம் அலுவலகத்தின் முதலாளி அக்னஸ் அந்த எண்ணை மெல்லத்தான் சொன்னார், கடைசி மேசைவரை கேட்டது. மானம் போயிற்று.

மதியம் அதே லேப்டாப்பில், விற்பனையாளர் துரைராசு விற்க வந்த ஆயத்த நிரல் தொகுப்பான லைப்ரரி ஓடியது. எதிர்வயல் மோட்டார் இரைச்சலில் அக்னஸ் கத்தினார்: "இருபத்தஞ்சு! இதையே வச்சுக்குவோம்."

சஃபியா திரையில் ஓடிய கோப்பைப் பார்த்தாள். காவிரித் தண்ணீர் வராமல் சம்பா கருகியவர்களின் விவரக் கோப்பு அது. துரைராசுவின் லைப்ரரி பட்டா எண் இல்லாத வரியைக் குப்பையென்று தள்ளிவிடும்; அவள் நிரல் அதையும் சேர்த்தே படிக்கும். குத்தகைக்கு உழுதவனுக்குப் பட்டா ஏது? பயிரும் போய், நிவாரணமும் போகவா?

"அதெல்லாம் அப்புறம் திருத்திக்கலாம்," என்றார் துரைராசு. "வேகந்தானே பேச்சு."

சஃபியா எழுந்தாள். "போட்டிக்கு நேரம் குறிச்சது யாரு?"

"நான்தான்," என்றார் துரைராசு. "ஏன், ராகுகாலமா?"

"காலையில கரண்டு இருந்துச்சா?"

"தலைக்கு மேல ஃபேன் ஓடுச்சேம்மா!"

"ஃபேன் இன்வெர்ட்டர்ல ஓடும் சார். பம்புசெட் ஓடாது. காலையில மோட்டார் சத்தம் கேட்டுச்சா?"

அக்னஸ் ஜன்னலைப் பார்த்தார். "இல்லையே..."

"முன்கூட்டியே அறிவிச்ச மின்வெட்டு நேரம், மேடம். ஃபேன் ஓடுனதால நம்ம யாருமே கவனிக்கலை. இந்தச் சுவர் பிளக்குக்கு இன்வெர்ட்டர் லைன் கிடையாது. பேட்டரிக்கு மாறுனா இந்த லேப்டாப் தன் வேகத்தைக் குறைச்சுக்கும். அது தெரிஞ்சுதான் சார் என்னை முதல்ல ஓட விட்டாரு."

"சும்மா கதை கட்டாத!"

சஃபியா பிளக்கைப் பிடுங்கினாள். "அப்படியா? உங்களுதை இப்ப ஓட்டுங்க."

ஓட்டினார்கள். ஐம்பது நொடி. துரைராசு கைக்குட்டையைத் தேடினார். பிளக்கை மாட்டிவிட்டுத் தன்னுடையதை ஓட்டினாள் சஃபியா. இருபது.

"துரைராசு, பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க," என்றார் அக்னஸ்.

வாசலில் துரைராசு திரும்பினார். "பட்டாகூட இல்லாதவனுக்காகவா இந்தச் சண்டை?"

"ஆமா, அவங்களுக்காகத்தான்!" மோட்டார் இரைச்சலுக்கு மேலே கேட்டது சஃபியாவின் குரல். "அவங்க அத்தனை பேரையும் சுமந்துக்கிட்டுதான் சார் என் நிரல் உங்களுதை முந்துச்சு."