பூ முடி

எலுமிச்சை சாதத்தில் ஒரு முடி கிடந்தது. ரூத் அதை விரலில் சுற்றி இழுத்தாள். டப்பாவின் அடிவரை போயிருந்த முடி, கடலைப் பருப்பும் மஞ்சளும் ஒட்ட, சோற்றைக் கிண்டிக்கொண்டு மேலே வந்தது. மூக்கருகே கொண்டுபோனபோது, பல நாள் குளிக்காத தலையில் ஊறிய தேங்காயெண்ணெய் நாற்றம் அடித்தது.

"உன் முடிதான்மே," என்றான் புருஷன் மோசஸ், வாயில் சோற்றோடு.

அவளுடையது சுருட்டை. இது நேராக, ஒரு முழ நீளம் இருந்தது. மோசஸ் ஒரு முடிக்காகச் சோற்றை விடுகிற ஆள் இல்லை. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டான்.

செய்யூர்ப் பக்கம் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே, அவர்கள் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்த அந்தப் பழைய மடத்தில் இப்போது துறவிகள் யாரும் இல்லை. கல் கட்டடம், கிணறு, தோட்டம், அவ்வளவுதான். ஞாயிறு பூசை முடிந்ததும் குடும்பங்கள் பாயும் சோற்று டப்பாவுமாக வந்துவிடும். நேர்ச்சைக்கு மொட்டை போடுகிறவர்களின் முடியை அங்கே விற்பதில்லை. தோட்டத்து மரங்களின் வேரடியில் புதைத்துவிடுவார்கள். அதனாலோ என்னவோ, சப்போட்டா ஒவ்வொன்றும் கைக்குழந்தையின் தலை அளவுக்குக் காய்த்தது.

மகள் ஷாரோன் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரூத் வேண்டிக்கொண்டது பிள்ளைக்கு முழு மொட்டை. பிள்ளை பிழைத்து எழுந்தாள். கூடவே பள்ளி ஆண்டு விழாவும் வந்தது. டான்ஸுக்கு இரட்டைப் பின்னல் வேண்டும் என்றார் டீச்சர். ஆகவே இன்று காலை மூன்றே மூன்று கத்தரிப்பில் பூ முடி கொடுத்து நேர்ச்சையை முடித்துக்கொண்டார்கள். முடி எடுக்கிற திருவேங்கடம் கத்தரியைத் துடைத்துக்கொண்டே, "சாமிக்கு சாம்பிள் காட்றியாம்மா?" என்று கேட்டான். மோசஸ் வயிறு குலுங்கச் சிரித்தான். ரூத்தும் சிரித்தாள்.

இப்போது தண்ணீர் பாட்டிலில் ஒன்று மிதந்தது. அவள் பல்லிடுக்கில் ஒன்று, வெள்ளை முடி. காற்றே இல்லை, ஆனால் மரத்தடி மண்ணுக்குள், ஈரத் தலையை யாரோ சிக்கெடுப்பதுபோல் ஒரு சரசரப்பு.

"அம்மா, தொண்டைல இன்னாவோ கீது."

ரூத் ஷாரோனின் வாய்க்குள் விரலை விட்டாள். நாக்குக்குப் பின்னால், எச்சிலில் கொழகொழவென்று ஒரு கற்றை. பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. கறுப்பு, நரை, செம்பட்டை. யார் யார் தலையோ. பேனும் ஈரும் ஒட்டியிருந்தன. அரைச் சோறும் சளியும் கோத்திருந்தன. மடியில் குவிந்தது. வெதுவெதுவென்று இருந்தது.

மோசஸ் கையிலிருந்த கவளத்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

"ரூத்து. அவ தலைய பாரு."

பின்னல்கள் குட்டையாகியிருந்தன. ரிப்பன் காதுக்கு ஏறியிருந்தது. ரூத் ஒரு பிடி இழுத்தால், தலையில் ஒரு பிடி உள்ளே போனது.

கையை விட்டாள். ஷாரோனின் மூச்சு நின்றது. உதடு நீலம் பாரித்தது.

இழுத்தாள். மூச்சு வந்தது.

ரிப்பன்கள் கழன்று விழுந்தன. மண்டை வழவழவென்று ஆனது. முழு மொட்டை. போதும் மாதாவே என்று சொல்லி நிறுத்திப் பார்த்தாள்.

மூச்சு இல்லை.

இழுத்தாள். புருவம் போனது. இழுத்தாள். இமை முடி, ஒவ்வொன்றாக.

கையில் கற்றை இன்னும் கனத்தது. இழுத்தாள்.

ஷாரோனின் உச்சந்தலைத் தோல் நடுவில் சுழித்தது. தொப்புள் மாதிரி குழிந்தது. மெல்ல, உள்ளே போகத் தொடங்கியது.