பதினேழாம் வயலுக்கு மட்டும் எழுப்புநீர் இல்லை

2089இல் வைப்பாற்றுக் கரையில், அன்று எந்த நெல்லில் எந்த மரபணு விழிக்கும் என்று காலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கி அறிவிக்கும். ஊர் அதைக் கேட்டபடி பல் துலக்கும்.

விழிக்கவைப்பது வெயிலுகந்தாளின் வேலை. அவள் பொத்தானை அழுத்தினால் பறப்பிகள் வயல்மேல் எழுப்புநீர் தெளிக்கும். நெல்லுக்குள் உறங்கும் வறட்சி மரபணு விழித்து, இலைத்துளைகளை மூடி, வேரை ஆழத்துக்கு அனுப்பும். நாற்பது நாள் தண்ணீரில்லாமல் பயிர் உயிரோடிருக்கும். அந்த நாற்பது நாளும் ஒரு விரற்கடைகூட வளராது.

கடும் வறட்சி வருகிறது என்று வானிலை நிலையம் சொன்ன அன்று, அவள் எல்லா வயல்களுக்கும் அழுத்தினாள், பதினேழாம் வயலைத் தவிர. அது சௌந்தரபாண்டியுடையது. பரிசம் போட்டபின், மரபணுப் பொருத்தம் பத்துக்கு ஏழுதான் என்று கல்யாணத்தை நிறுத்தியவன். அதைச் சொல்லக்கூட அவன் வரவில்லை. அவன் தாய் முப்பிடாதி வந்து, பரிசச் சேலையையும் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள்.

"கருகட்டும்" என்று வெயிலுகந்தாள் திரையைப் பார்த்து மெல்லச் சொன்னாள். நெஞ்சு குளிர்ந்தது.

நான்காம் நாள் மழை பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டு ஒரு மாதம் பெய்தது. ஊர் நெல்லெல்லாம் சொட்டச்சொட்ட நனைந்தபடி, வராத வறட்சிக்கு வாயை மூடிக்கொண்டு நின்றது. சௌந்தரபாண்டியின் நெல் மட்டும் இடுப்பளவு வளர்ந்து பால் பிடித்தது.

முப்பிடாதி தாம்பாளத்தோடு வந்தாள். "ஏத்தா, இம்புட்டுப் பிரியத்த உள்ள வச்சுக்கிட்டா மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச?"

"பிரியமுமில்ல, ஒண்ணுமில்ல. ஒங்க பயிரு கருகணும்னுதான் விட்டேன்."

"வெக்கப்படுறா" என்று முப்பிடாதி வாசலில் கூடியிருந்தவர்களிடம் சொன்னாள்.

வானிலை நிலையத்தின்மேல் யாருக்கும் கோபமில்லை. அது பொய்ப்பது வழக்கம்தான். பழைய மாப்பிள்ளைக்கு மட்டும் சலுகையா என்று புகார் போனது. விசாரிக்க வந்த அதிகாரி தேவசகாயத்திடம் வெயிலுகந்தாள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இத எழுதுனா, வேணும்னே பயிர அழிக்கப் பாத்த குத்தம். வேலை போயிரும், மூணு வருசம் உள்ள இருக்கணும்."

"வேற என்னத்த எழுத?"

"வேண்டிய ஆளுக்குச் செஞ்சேன்னு எழுதும்மா. யாருதான் செய்யல? ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிரும். நானே என் மச்சினன் வயலுக்கு..." பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

வெளியே, புகார் கொடுத்தவர்களே "பாவம், ஆசப்பட்ட பிள்ள" என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெயிலுகந்தாள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, 'சௌந்தரபாண்டிமேல் கொண்ட அன்பினால்' என்று எழுதி நீட்டினாள்.

தேவசகாயம் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தார். "வெறும் அன்பு பத்தாதும்மா. முன்னால 'மறக்க முடியாத'னு சேத்துக்க."

சேர்த்தாள்.