வெர்னன் என்று பேர் வைத்தோம்

ஜனவரி பன்னிரண்டாம் தேதி மத்தியானம் நானும் என் தம்பி கார்ஸ்டனும் அமெரிக்காவின் வடக்கே டுலூத் நகரில் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ரேடியேஷன் சிகிச்சைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்குவதற்கென்று இருக்கும் பழைய மர வீடு. வாசலில் பூட்ஸிலிருந்த பனியை உதறும்போதே அடுப்பில் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் வேகும் வாசனை வந்தது. பின்பக்கம் ஏரி உறைந்து கிடந்தது. அவ்வப்போது பனிக்கட்டிக்கு அடியில் ஏதோ பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்கும். அங்கே எல்லாருக்கும் அது பழகிப்போயிருந்தது.

கார்ஸ்டனுக்கு இருபத்து நாலு வயது. எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணிக்கு அவன்தான் கோல் கீப்பர். மூளையில் கட்டி என்று சொன்ன டாக்டரிடமே, "அப்போ சனிக்கிழமை மேட்ச் ஆட முடியாதா?" என்று கேட்ட பிறவி. அப்பா அம்மா போன பிறகு எனக்கு அவனை விட்டால் யாரும் கிடையாது. அவனை அவனாகவே வீட்டுக்குத் திரும்பக் கூட்டிப்போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். சின்ன வயதில் இங்ரிட் என்று சொல்ல நாக்கு வராமல் என்னை 'இங்கி' என்று கூப்பிட்டவன் அதை விடவே இல்லை. வேறு யாரையும் அப்படிக் கூப்பிட நானும் விட்டதில்லை.

அன்று சாப்பாட்டு மேஜையில் அவன் வயதுக்காரர்கள் சிலர் இருந்தார்கள். பாதித் தலை மழித்த ஜோலீன் என்ற பெண் நேராகக் கேட்டாள்:

"உன் கட்டிக்கு என்ன பேரு?"

"பேரா? அதுக்கா?"

"வைக்கணும்டா. இங்க எல்லாரும் வெச்சிருக்கோம். என்னோடது கெவின். காலைல எந்திரிச்சதும் அவனை நாலு கெட்ட வார்த்தை திட்டினாத்தான் எனக்கு காபியே இறங்கும்."

கார்ஸ்டன் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தான். ஒரு நொடி சிரிப்பு நின்றது.

"வெர்னன்."

"யாருடா அது?" என்றேன்.

"தெரியல. வாயில வந்துச்சு."

எல்லாரும் சோடா டப்பாக்களைத் தூக்கி, "வெர்னன் நாசமாப் போக!" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். கார்ஸ்டன் மட்டும் காதைத் தேய்த்தான்.

"யாரோ 'ம்'னு சொன்னாங்களா?"

மறுநாள் ஆஸ்பத்திரியில், ரேடியேஷன் கொடுப்பதற்காக அவனுக்கு ஒரு முகமூடி செய்தார்கள். சுடுதண்ணீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் அழுத்தினால், அது ஆறி அந்த முகமாகவே இறுகிவிடும். தினமும் அதைப் போட்டு, தலை அசையாதபடி மேஜையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். "கோல் கீப்பருக்கு முகமூடி புதுசா?" என்று கார்ஸ்டன் ஜோக்கடித்தான். மெஷின் பார்க்கிற மார்லிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆள் மாறிவிடக் கூடாது என்பதற்காக, படுக்கும் முன் தினமும் பேரும் பிறந்த தேதியும் கேட்பது அவளுடைய வேலை.

முதல் நாள் முடிந்து எழுந்தவன், "நீலமா வெளிச்சம் தெரிஞ்சுது. குளோரின் நாத்தம்," என்றான்.

"நிறைய பேரு சொல்றதுதான்பா," என்றாள் மார்லிஸ்.

"முகமூடிக்குள்ள இன்னொருத்தர் மூச்சு விடுறாங்க."

"அது உன் மூச்சுதான்."

"நான் மூச்சைப் பிடிச்சுப் பாத்தேன். அது நிக்கல."

மார்லிஸ் போர்வையை மடித்தாள்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், அவள் வழக்கம்போலக் கேட்டாள்.

"பேரு? பிறந்த தேதி?"

"வெர்னன். ஜனவரி பன்னிரண்டு."

மார்லிஸ் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நாங்கள் பேர் வைத்த தேதி அது.

"வேலையப் பாக்க விடுப்பா. ஒழுங்காச் சொல்லு."

அவன் திரும்பி என்னைத்தான் பார்த்தான். அந்தக் கண்களில் இருந்தது வெறுப்பு. பிறகு, யாரோ தெரியாதவன் பேரைப் படிப்பதுபோல், "கார்ஸ்டன்," என்றான்.

அன்று நடையில் வைத்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இங்கி, அதை நான் சொல்லல."

"சரி. பேசாம வா."

"பூட்டு கழட்டினதும் யாரு முதல்ல எந்திரிக்கிறதுன்னு எனக்கும் அவனுக்கும் போட்டி நடக்குதுடி. இன்னிக்கு நான் ரெண்டாவது. ஒருநாள் எந்திரிக்காமயே போயிட்டா?"

"உள்ள வந்து உன் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன். போதுமா?"

டாக்டர், மூளை வீக்கம் என்று மாத்திரை எழுதினார். சிகிச்சையை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினால் கட்டி அவனைக் கொன்றுவிடும் என்றார். அவர் கழுத்தை நெரிக்கலாம்போல வந்தது. மறுநாளும் நானே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைசி நாள். பூட்டைக் கழற்றினார்கள். எழுந்து உட்கார்ந்தான். சிகிச்சை முடிந்தவர்கள் அடிக்கும் மணியைப் போய் ஓங்கி அடித்தான். எல்லாரும் கை தட்டினார்கள். கட்டி நன்றாகச் சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். நான் அழுதேன்.

அவன் என் தோளைத் தட்டினான்.

"அழாத, இங்ரிட்."

களைப்பில் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் எனக்குத் தெம்பு இருந்தது.

முகமூடியை நம் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். சிலர் எரிப்பார்கள், சிலர் வண்டி ஏற்றி நசுக்குவார்கள். ஊர் திரும்பியதும் அவனுடைய அணிக்காரர்கள் அதை உறைந்த குளத்தின்மேல் கோல் வலையின் நடுவில் கட்டினார்கள். ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் இருக்கும் ரப்பர் வில்லையை ஆளுக்கு ஒன்றாக மட்டையால் அடித்து, "செத்துப் போ வெர்னன்!" என்று கூச்சல் போட்டார்கள்.

எல்லாரையும்விட வேகமாக அடித்தவன் என் தம்பிதான். வாழ்நாளெல்லாம் கோலைக் காத்து நின்றவன் கோலைப் பார்த்து நின்று அடித்தான். முகமூடியின் கன்னம் பிளந்தது. அவன் பக்கம் குளோரின் நாற்றம் அடித்தது.

எனக்கும் ஆத்திரம் பொங்கியது. முகமூடியைப் பார்த்துக் கத்தினேன்.

"வெர்னன்!"

பக்கத்தில் நின்றவன் திரும்பினான்.

"ம்?"

யாரும் கவனிக்கவில்லை. வலைக்கு அந்தப் பக்கமும் யாரும் இல்லை. முகமூடியின் வாயிலிருந்து குளிரில் வெள்ளையாக ஆவி வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

"இங்கி..."

குரல் முகமூடிக்குள்ளிருந்து வந்தது.

பக்கத்தில் நின்றவன் புன்னகையோடு தன் மட்டையை என் கையில் திணித்தான். என் காலடியில் ஒரு வில்லையை வைத்தான்.

"இப்ப உன் முறை, இங்ரிட்."